ஜன்னலக்காவின் வாயில் ஒரு பொத்தான்

ஜன்னலக்கா எந்த ஊர்?

இந்தக் கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியாது. இதை எழுதுகிற கைக்கும் தெரியாது, அவரோடு தினமும் தேநீர் குடித்தவர்களுக்கும் தெரியாது. கேட்கிறவர்கள் எல்லோரும் பதிலைக் கையோடு கொண்டுவந்ததுதான் சிக்கல். மேட்டுப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள், "அது எங்க ஊர்ப் பொண்ணு" என்று அடித்துச் சொன்னார்கள். துறைமுகத்திலிருந்து வருகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள், அவர்கள் வழக்கப்படி இரண்டு தடவை.

பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னல்தான் அவர் உட்காரும் இடம். முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் வாய் உயரத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் உறை போட்ட நேர அட்டவணை, ஒரு முக்காலி. முக்காலியின் மேல் வெட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு மெத்தை. அதைத் தைத்தது அவருடைய கணவர். அவர் தையல்காரர். ஊழியர்கள் "ஜன்னலக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்காவின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியது.

அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வட்டாரத்துப் பேச்சுகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டுப்பக்கத்தில் காற்று அதிகம். ஒரு சொல்லின் பின்பாதியைக் காற்று எப்படியும் கொண்டுபோய்விடும், நாம் ஏன் வீணாகச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. துறைமுகத்தில் இரைச்சல் அதிகம். அதனால் எதையும் இரண்டு தடவை சொல்வார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களோ வாக்கியத்தின் வாலைப் பிடித்து இழுப்பார்கள். படகுக்காரரைக் கூவிக் கூவி வந்த பழக்கமாம். பாலம் கட்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. வால் மட்டும் சுருங்கவில்லை. நகரத்துக்காரர்களுக்குத் தங்கள் பேச்சில் எந்த இழுப்பும் கிடையாது என்று நினைப்பு. அந்த நினைப்பே அவர்கள் பேச்சில் ஒரு இழுப்பாகக் கேட்கும்.

மேட்டுக்காரர்களும் துறைமுகத்துக்காரர்களும் எலியும் பூனையும். ஆனால் அக்கரைக்காரரைக் கேலி செய்ய வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

ஜன்னலக்காவின் அப்பா சாலை போடும் உருளை வண்டி ஓட்டியவர். சாலை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் குடும்பமும் போகும், அதே வேகத்தில். ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பழகுவதற்குள் அடுத்த பள்ளிக்கூடம் வந்துவிடும். புதிதாக வருகிற பெண்ணின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பை நிறுத்த அவர் கண்டுபிடித்த ஒரே வழி, யார் பேசுகிறார்களோ அவர்கள் மாதிரியே திருப்பிப் பேசுவது. முதலில் அதற்கு மெனக்கெட வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அது தானாகவே வந்தது. அப்புறம் அதை நிறுத்துவது எப்படி என்பது மறந்தே போனது. எதிரில் யார் நின்று வாயைத் திறந்தாலும் அந்தப் பேச்சு ஈரச்சுவரில் விரல் பதிவது போல அவர் நாக்கில் பதிந்துவிடும்.

இதனால் கல்யாணமே நிற்கப் பார்த்தது. பெண் பார்க்க வந்த மாமியார் துறைமுகத்துக்காரர். "பொண்ணு லட்சணமா இருக்கா, லட்சணமா இருக்கா" என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டு, "உக்காருங்க, உக்காருங்க. தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்றது. மாமியாரின் முகம் கறுத்துவிட்டது. வாசல் வரைக்கும் போய்ச் செருப்பில் காலை நுழைத்துவிட்டார். மாப்பிள்ளைதான் தடுத்தார். அவர் நாளெல்லாம் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்பவர், அதனால் பேச்சில் சிக்கனம். அன்று அவர் பேசியது ஒரே வாக்கியம்: "வீட்டுல ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசுனா சண்டை வராதும்மா."

வந்தது. மாமியார் ஒன்றை இரண்டு தடவை சொல்ல, மருமகள் அதற்கு இரண்டு தடவை பதில் சொல்ல, மற்ற வீடுகளில் கால்மணியில் முடிகிற சண்டை இங்கே அரைமணி நேரம் ஓடியது. மாமியார் கண்ணை மூடுகிறவரை தன் மருமகள் தன்னைப் பழித்துக் காட்டுகிறாளா, தன் ஊர்க்காரியா என்று அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசிக் காலத்தில் மட்டும், பக்கத்து வீட்டாரிடம், "எங்க பேச்சு பேச இந்த ஊர்ல அவ ஒருத்திதான் இருக்கா, அவ ஒருத்திதான் இருக்கா" என்று சொன்னாராம்.

ஜன்னலில் இந்தப் பழக்கம் பெரிய வரமாக இருந்தது. பயணிகளில் பாதிப் பேர் ஊர் விட்டு ஊர் வந்து தடுமாறி நிற்பவர்கள். கண்ணாடி ஓட்டைக்கு உள்ளேயிருந்து சொந்த ஊர்க் குரல் வந்தால் முகம் மலர்ந்துவிடும். வண்டி போய்விட்டது என்று சொன்னால்கூடக் கோபப்படாமல் போவார்கள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். அக்காவுக்கு ஊருக்கு ஒரு வாய் இருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் தாமதம். வரிசை கழிப்பறை வரைக்கும் நீண்டிருந்தது. முன்னால் நின்றவர் மேட்டுப்பக்கத்து வெங்காய வியாபாரி. அவருக்குப் பின்னால் துறைமுகத்து வலை வியாபாரி.

வெங்காயக்காரர் தன் வண்டி எப்போது என்று பாதிப் பாதிச் சொல்லாகக் கேட்டார். அக்காவும் பாதிப் பாதியாகவே பதில் சொன்னார். வெங்காயக்காரர் உருகிப்போய், தோளில் மூட்டையோடு நகராமல் நின்று, எந்தத் தெரு, யார் மகள் என்று விசாரிக்கத் தொடங்கினார். வலைக்காரர் பொறுக்க முடியாமல் பக்கவாட்டில் தலையை நீட்டி, "என் வண்டி எங்க, என் வண்டி எங்க?" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "இப்ப வந்துரும், இப்ப வந்துரும்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வெங்காயக்காரருக்கு ஒன்று புரிந்தது: இந்தம்மா துறைமுகத்துக்காரி, தன்னைக் கேலி செய்திருக்கிறாள். வலைக்காரருக்கு இன்னொன்று புரிந்தது: இந்தம்மா மேட்டுக்காரி, தன்னைக் கேலி செய்கிறாள். வாழ்நாளில் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு ஊர்க்காரர்கள், அன்று தோளோடு தோள் சேர்ந்து மேலாளர் அறைக்குப் படியேறிப் போனார்கள்.

மேலாளர் பேச்சு விஷயத்தில் ரொம்பக் கறாரானவர். கஞ்சி போட்ட சட்டை போலப் பேசுவார். எங்கும் ஒரு மடிப்பு இருக்காது. வந்த புதிதில் ஒரு சுற்றறிக்கை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லா அறையிலும் ஆணியடித்து மாட்டினார். பயணிகளிடம் ஊர்ப்புறப் பேச்சு பேசக் கூடாது, பொதுவான நல்ல தமிழில்தான் பேச வேண்டும் என்பது அதன் சாரம். அவர் எந்த ஊர் என்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் அதை யாரும் கேட்டதில்லை. மேலாளர்களுக்கு ஊர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அக்காவின் வேலை நிரந்தரமானதல்ல. வருடத்துக்கு ஒரு முறை மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் ஜன்னல் அவருக்கு. நேரக்காப்பாளர் பக்கத்து அறைக்காரர், அக்காவின் மேல் பிரியமுள்ளவர். அவர் வந்து விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு விசாரணை. புகார் உண்மை என்று முடிவானால் கையெழுத்து கிடையாது, முக்காலிக்கு வேறு ஆள். தையல்கடையில் இப்போதெல்லாம் கால்சட்டையின் நீளம் குறைக்க மட்டுமே ஆட்கள் வருகிறார்கள். வீடு ஓடுவது ஜன்னலால்தான். மகள் அந்த வருடம் கல்லூரியில் சேர வேண்டும்.

அன்று சாயங்காலம் மகள் அம்மாவை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஒரு வரி வாசிப்பாள், அம்மா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மா சொன்னார். மகளின் வேகம், மகள் வகுப்புத் தோழிகளிடம் பேசும்போது மூக்கிலிருந்து கொண்டுவருகிற அந்தச் சத்தம், எல்லாம் அச்சு அசலாக வந்தது.

"அம்மா, நான் இப்படியா பேசுறேன்?"

"அதைத்தான் நானும் பல நாளா கேக்கணும்னு இருந்தேன்."

மகள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டாள். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சரி, யாரும் எதிர்ல இல்லாதப்ப நீ எப்படிம்மா பேசுவ? உன்னோட சொந்தப் பேச்சு எது?"

அம்மா யோசித்தார். யாரும் இல்லாதபோது அவர் பேசுவதில்லை. இஸ்திரிப் பெட்டி சுட்டால் "ஸ்ஸ்" என்பார். அது எந்த ஊர்ப் பேச்சிலும் சேராது.

தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கணவர் எழுந்து வந்தார். உதட்டில் குண்டூசிகள். உள்ளங்கையில் ஒரு பெரிய கோட்டுப் பொத்தான். கன்னத்தைத் தொட்டுக் காட்டி, குண்டூசிகளுக்கு இடையே முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது காற்று போகிற சத்தம் மாதிரித்தான் கேட்டிருக்கும். அக்காவும் உதட்டைத் திறக்காமல் அதே மாதிரி ஏதோ முணுமுணுத்தார். பொத்தான் கை மாறியது.

"அப்பா என்ன சொன்னாரு?" என்று மகள் கேட்டாள்.

"இதைக் கன்னத்துல அடக்கிக்கிட்டாப் பேச்சு ஒட்டாதாம். நாக்குக்கு வேற வேலை வந்துருமாம்."

சோதித்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. பொத்தானைச் சுற்றிக்கொண்டு வந்த பேச்சு எந்த ஊரையும் சேராத, கொஞ்சம் பல்வலிக்காரப் பேச்சாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் மேலாளர் அறை. நீள நாற்காலியில் இரண்டு வியாபாரிகளும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சுற்றறிக்கை. மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர். நேரக்காப்பாளர் சாட்சியாகக் கதவோரம் நின்றார். அக்கா நடுவில், இடது கன்னத்தில் பொத்தான்.

மேலாளர் புகாரைப் படித்துவிட்டு, உண்மையா என்று மடிப்புக் கலையாமல் கேட்டார். அக்கா, "இல்லைங்க. நான் யாரையும் கேலி பண்ணல" என்றார். எந்த வாசனையும் இல்லாத பேச்சு. வெங்காயக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். இந்தம்மா அன்றைக்குப் பேசினது இப்படி இல்லையே என்றார். இல்லவே இல்லை, இல்லவே இல்லை என்றார் வலைக்காரர்.

நேரக்காப்பாளர் முன்னால் வந்து சாட்சி சொன்னார். "ஐயா, அவங்க வேணும்னு செய்யறதில்ல. எதிர்ல நிக்கிறவங்க பேச்சு தானா வந்து ஒட்டிக்கும். பக்கத்து ரூம்ல இருந்து இத்தனை வருஷமாக் கேக்குறேன். எதிர்ல இல்லாத ஊர்ப் பேச்சு அவங்க வாயில வந்ததே கிடையாது."

மேலாளர் பேனாவை மூடினார். "தானாக ஒட்டும் என்றால், இப்போது ஏன் ஒட்டவில்லை?"

மூடிய பேனாவைப் புகாரின் மேல் வைத்தார்.

"அப்படியானால், நினைத்தால் நிறுத்த முடிகிறது. அன்றைக்கு நிறுத்தவில்லை. வேண்டுமென்றேதான் பேசியிருக்கிறீர்கள்."

காப்பாற்ற வந்த பொத்தானே கழுத்தில் கத்தி வைத்தது.  அக்கா விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். பதற்றத்தில் பொத்தான் நாக்குக்கு அடியில் சரிந்தது. "ழ்ழ" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மேலாளர், அதையும் ஒரு புதுக் கேலி என்று நினைத்துவிட்டார். முகம் சிவந்து மேசையைத் தட்டினார். தட்டிய வேகத்தில், கஞ்சி போட்ட சட்டையின் ஒரு தையல் எங்கோ பிரிந்தது.

"வாயில என்னத்த வெச்சிருக்கீங்க? துப்புங்களேன்ன்ன்!"

வியாபாரிகள் அந்த இழுப்பைக் கவனிக்கவில்லை. கோபத்தில் யாருக்குத்தான் குரல் நீளாது? ஆனால் அக்காவின் காது கவனித்துவிட்டது. பொத்தானை உள்ளங்கையில் துப்பி மேசைமேல் வைத்தார். அது ஒரு வட்டம் அடித்து, தம்ளரில் முட்டி, படுத்தது.

"பொத்தானுங்களேஏஏ" என்றார் அக்கா. "எங்க வீட்டுக்காரர் குடுத்தாருங்களேஏஏ. பேச்சு ஒட்டாம இருக்கத்தானேஏஏ!"

வலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வெங்காயக்காரர் தொடையைத் தட்டினார். அக்கரைப் பேச்சு! நடுவில் விட்டிருந்த இடம் போய் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள்.

சிரிப்பு வெங்காயக்காரரிடம்தான் முதலில் நின்றது. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஆமா, இங்க யாரு அக்க..." என்றார், அவர் வழக்கப்படி பாதியில் விட்டு.

"நான் இல்ல, நான் இல்ல" என்றார் வலைக்காரர்.

"நான் இந்த ஊருலயே பொறந்தவன்" என்றார் நேரக்காப்பாளர். சொன்ன பிறகுதான், சற்று முன் தான் சொன்ன சாட்சி அவருக்கே ஞாபகம் வந்தது. அவர் சுற்றறிக்கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். மேலாளரை மட்டும் பார்க்கவில்லை.

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாழ்க்கை முழுக்க அவர் பயந்தது அதற்குத்தான். இன்றைக்குத் தன் வாயால் இன்னொருவரைக் கெடுத்துவிட்டோமே என்று இருந்தது.

மேலாளருக்கு வழி ஒன்றும் அடைபட்டுவிடவில்லை. இந்தம்மா அக்கரைப் பேச்சையும் கேலி செய்கிறார், குற்றம் உறுதி என்று ஒரு வரி சொன்னால் போதும். அக்கா வீட்டுக்குப் போவார், மேலாளரின் சட்டை மடிப்புக் கலையாது. இல்லை, பேச்சு தானாகத்தான் ஒட்டுகிறது என்றால், அது யாரிடமிருந்து ஒட்டியது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். இது அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மின்விசிறி மட்டும் விளங்காதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பேனா முனையால் பொத்தானைத் திருப்பினார். மறுபக்கமும் பொத்தானாகத்தான் இருந்தது. தண்ணீரைக் குடித்தார்.

"அவங்க கேலி பண்ணல" என்றார். குரல் மெல்ல வந்தது. அப்புறம், வெகுநாள் மடித்து வைத்த துணியை உதறுகிறவர் போல, "அது எங்க ஊருப் பேச்சுதானேஏஏ" என்றார்.

புகார் அத்தோடு தள்ளுபடி. கையெழுத்து அந்த வாரமே விழுந்தது. வியாபாரிகள் இரண்டு பேரும் படியிறங்கும்போதே மேலாளர் மாதிரிப் பேசிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் நிலையத்தில் எல்லா நடத்துநர்களும் வாலை இழுத்தார்கள். மேலாளர் காது சிவக்க நடந்துபோனார். வீரச்செயலுக்கு இந்த உலகம் கொடுக்கிற பரிசு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாளில் வேறு கேலி கிடைத்ததும் இதை மறந்தார்கள். சுற்றறிக்கையை யாரும் கழற்றவில்லை. நேரக்காப்பாளர் அந்த ஆணியில் தன் குடையையும் சேர்த்து மாட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு மத்தியானம், வரிசையில் கடைசி ஆளாக மேலாளர் வந்து நின்றார். முறை வந்ததும் குனிந்து, ஓட்டைக்கு நேராக, அக்கரை வண்டி எப்போது என்று வால் நீட்டிக் கேட்டார். அந்த அட்டவணையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அக்கா அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதே வாலோடு பதில் சொன்னார். அவர் நன்றி சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். வண்டிக்குப் போகவில்லை. அவர் வீட்டில் எல்லோரும் நகரத்துக்காரர்களாம். அதற்குப் பிறகு அவ்வப்போது வந்து கேட்டார். வண்டி நேரம் ஒருபோதும் மாறவில்லை.

பொத்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. கணவர் அதைக் கழுவி ஒரு கோட்டில் தைத்துக்கொண்டிருந்தார், உதட்டில் குண்டூசிகளோடு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தார். இருவரும் உதட்டைத் திறக்காமல் ஏதோ பேசிக்கொண்டார்கள். அக்கா தோள் குலுங்கச் சிரித்தார். மகள் வாசலில் நின்று பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். எல்லா வீட்டிலும் அப்பா அம்மா இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அன்றுதான் அவளுக்கு உறைத்தது, இந்தக் குண்டூசிப் பேச்சை உலகத்தில் இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் பேசுவதில்லை என்று. மேட்டில் இல்லை, துறைமுகத்தில் இல்லை, ஆற்றுக்கு எந்தக் கரையிலும் இல்லை.

ஜன்னலக்கா எந்த ஊர் என்பதற்கு இதைவிட நல்ல பதில் இதுவரை கிடைக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். இங்கே எழுதியிருப்பது போலவே சொல்ல வேண்டாம். உங்கள் வாய்க்கு எப்படி வருமோ அப்படியே சொல்லுங்கள். இழுக்கிறவர்கள் இழுங்கள், இரண்டு தடவை சொல்கிறவர்கள் இரண்டு தடவை சொல்லுங்கள், பாதியில் விடுகிறவர்கள் பாதியில் விடுங்கள். பொத்தான் மேசையில் உருளும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம். அது தானாகப் படுக்கிறவரை பொறுத்திருந்து, அப்புறம் மேலே சொல்லுங்கள்.